உதவி: ‘டிரிங்கா’வோடு நின்றுவிட்ட பதிவு. உட் சாண்ட்பைப்பரா, கிரீன் சாண்ட்பைப்பரா?

கரைவெளி (கேள்வி)

ஐநேச்சுரலிஸ்ட்டில் (பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிந்து, பலர் சேர்ந்து அடையாளம் காணும் தளம்) ஏற்றிய ஒரு கரைப்பறவைப் பதிவு ‘டிரிங்கா’ பேரினத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. விவரங்கள்:

வாழிடம்: நன்னீர்க் குட்டை, சேற்றுக் கரை, பறவையின் பாதி கால் மூழ்கும் அளவு தண்ணீர்.
கருவி: 400 மி.மீ. லென்ஸ், தூரம் சுமார் 35 மீட்டர். காலை வெயில், ஒளி பக்கவாட்டில்.
படம் 1: பறக்கும்போது எடுத்தது. பிட்டம் வெள்ளை. இறக்கையின் அடிப்புறம் கறுப்பாகத் தெரிகிறது. இதைத்தான் முதல் படமாக வைத்திருக்கிறேன்.
படம் 2, 3, 4: நிற்கும்போது எடுத்தவை. புருவக் கோடு வெளிர்நிறம், கண்ணுக்குப் பின்னாலும் தொடர்கிறது. முதுகு பழுப்பு, அதில் பெரிய வெளிர் புள்ளிகள். கால் மஞ்சள் கலந்த நிறம்.

செயலி சொன்னபடி நான் கிரீன் என்று போட்டேன். ஒருவர் அதை ஒப்புக்கொண்டார். அடுத்து வந்தவர் உட் என்று மாற்றுக் கருத்து சொல்லிவிட்டார். இரண்டு கேள்விகள்: இது எந்தப் பறவை? இரண்டு பேர் கிரீன், ஒருவர் மட்டுமே உட் என்று இருந்தும் ஏன் ரிசர்ச் கிரேடு (அடையாளம் உறுதியான பதிவுக்குத் தளம் தரும் ஆய்வுத் தரம்) வரவில்லை?

சேற்றுத்தடம்

முதலில் காமன் சாண்ட்பைப்பரைக் கழித்துவிடலாம். அதன் பிட்டம் முதுகைப் போலவே பழுப்பு. பறக்கும்போது இறக்கை நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நிற்கும்போது மார்புத் திட்டுக்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே வயிற்று வெள்ளை மேலேறி நிற்கும், வாலும் இறக்கை நுனியைத் தாண்டி நீண்டிருக்கும். இவற்றில் எதுவும் உங்கள் படங்களில் இல்லை.

படம் 2, 3, 4 உட் சாண்ட்பைப்பர். எனக்கு இதில் சந்தேகமில்லை. புருவக் கோடு கண்ணோடு நிற்காமல் பின்னந்தலைப் பக்கம் வரை போகிறது. கிரீனுக்கு அந்தக் கோடு அலகிலிருந்து கண் வரைதான். அதற்குப் பின் வெள்ளைக் கண் வளையம் மட்டும் எடுப்பாகத் தெரியும். உங்கள் பறவையின் முதுகில் புள்ளிகள் பெரிதாக, கட்டம் கட்டமாக இருக்கின்றன. கிரீனின் முதுகு கரும்பச்சை கலந்த அடர் பழுப்பு, புள்ளிகள் ஊசி முனை அளவு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரே கருமையாகத்தான் தெரியும். மூன்றாவது மார்பு. கிரீனில் மார்பின் கருமை ஓர் இடத்தில் சட்டென்று முடிந்து வெள்ளை வயிறு தொடங்கும். உங்கள் படம் 3-ல் மார்புக் கோடுகள் மெல்ல மங்கி வயிற்றில் கலக்கின்றன.

கால் நிறத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உட்டுக்கு மஞ்சளாகவும் கிரீனுக்குப் பச்சை மங்கியும் இருக்கும் என்பது சரிதான். ஆனால் காய்ந்த சேறு, காலை வெயில், கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை மூன்றும் சேர்ந்தால் எந்தக் காலும் மஞ்சளாகிவிடும். உருவ அளவும் அப்படித்தான். உட் 19 முதல் 21 செ.மீ., கிரீன் 21 முதல் 24 செ.மீ.; பக்கத்தில் இன்னொரு பறவை நிற்காவிட்டால் படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

இடிப்பது படம் 1. இவ்வளவு கறுப்பான அடி இறக்கை உட்டுக்குக் கிடையாது, அதற்கு அது வெளிர் சாம்பல். நான்கு படங்களும் ஒரே பறவைதானா? மூலக் கோப்புகளில் எடுத்த நேரமும் கோப்பு எண்ணும் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

இழைமணி

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அங்கே பெரும்பான்மை என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இப்போது இரண்டுக்கு ஒன்று, அதாவது சரியாக மூன்றில் இரண்டு. அது போதாது. அதனால் மூவரும் ஒத்துப்போகும் மிகக் கீழ்நிலை எதுவோ அங்கே, அதாவது டிரிங்காவில், பதிவு நிற்கிறது. ஒரு மாற்றுக் கருத்து விழுந்துவிட்டால் எதிர்ப்பக்கம் மூன்று பேர் வேண்டும்; நான்கில் மூன்று என்றால் தாண்டிவிடும். மாற்றுக் கருத்தே இல்லையென்றால் இருவர் போதும்.

அதற்காக யாரையாவது கூப்பிட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்தச் சொல்லாதீர்கள். ரிசர்ச் கிரேடு ஆன பதிவு, உரிமம் இடம் கொடுத்தால், உலகப் பல்லுயிர்த் தரவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தரவகத்துக்குப் போய்விடும். அதை எடுத்துப் பயன்படுத்துபவர் உங்கள் நான்கு படங்களையும் திரும்ப உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை.

செயலி ஏன் கிரீன் என்றது என்பதும் புரிகிறது. முதலில் வைத்த படத்தைப் பார்த்துத்தான் அது பரிந்துரை தரும். நீங்கள் பறக்கும் படத்தை முதலில் வைத்திருக்கிறீர்கள்.

கரைவெளி

நேரம் பார்த்தேன். படம் 2, 3, 4: காலை 7:42, மூன்றும் ஒரே தொடர் எடுப்பு, கோப்பு எண்கள் 2316, 2318, 2321. படம் 1: காலை 7:58, எண் 2390. இடையில் பறவை கோரைக்குப் பின்னால் போய்விட்டது. கரையில் இதே மாதிரி நான்கைந்து பறவைகள் இருந்தன. அப்படியானால் படம் 1 வேறு பறவை, அது கிரீன் என்று வைத்துக்கொள்ளலாமா?

வால்பட்டை

கொஞ்சம் பொறுங்க. வேறு பறவையாக இருக்கலாம் என்பது சரி. ஆனால் ‘அடி இறக்கை கறுப்பு, ஆகவே கிரீன்’ என்று உடனே போய்விடக் கூடாது. வானம் பின்னணியில் வெளுத்திருந்தால், நிழலில் விழும் எந்த இறக்கையும் கறுப்பாகத்தான் பதிவாகும். இந்த இரண்டு இனங்களில் மிக அதிகமாகத் தவறு நடப்பதே இந்த இடத்தில்தான்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே படத்தில் வயிற்றைப் பாருங்க. வயிறும் இறக்கையின் அடிப்புறமும் ஒரே நிழலில் இருக்கும். நிழல்தான் காரணம் என்றால் வயிறும் சாம்பலடித்துப் போயிருக்கும். வயிறு சுத்தமான வெள்ளையாக இருந்து, ஒட்டினாற்போல இருக்கும் இறக்கை மட்டும் கறுப்பு என்றால் அது இறகின் நிறமேதான்.

கூடவே இரண்டு பாருங்க:

வால். இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை என்பதால் பிட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வால் நுனிப் பக்கம் கிரீனுக்குச் சில அகலமான கரும்பட்டைகள், எண்ணிவிடலாம். உட்டுக்கு மெல்லிய பட்டைகள் நெருக்கமாக, எண்ண வராது.

கால் விரல். உட் பறக்கும்போது விரல்கள் வாலுக்கு வெளியே தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும். கிரீனுக்கு விரல் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்.

மூலப் படத்தை 100 சதவீதத்தில் திறந்து பாருங்க. ஏற்றிய படத்தில் பார்க்க வேண்டாம், தளம் நீண்ட பக்கத்தை 2048 பிக்சலாகச் சுருக்கிவிடும். கறுப்பைத் திறந்து பார்க்க நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். செயற்கை நுண்ணறிவில் கூர்மையாக்கும் மென்பொருள் எதையும் தொடாதீங்க. அது இல்லாத இறகுக் கோடுகளைத் தானே வரைந்து வைக்கும், வால் பட்டை எண்ணுவதெல்லாம் அப்புறம் வீண்.

கரைவெளி

மூலப் படத்தில்: வயிறு வெள்ளை, நிழல் ஏற்றிய பிறகும் இறக்கை கறுப்பாகவே இருக்கிறது. வாலில் மூன்று அகலப் பட்டைகள் எண்ண முடிகிறது. விரல் நுனி வாலைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. முகம் அசைவில் கலங்கிவிட்டது, புருவக் கோடு தெரியவில்லை.

வால்பட்டை

அப்படியானால் கிரீன். மூன்று குறிகளும் ஒரே பறவையில், ஒரே படத்தில், ஒரே பக்கம் சாய்கின்றன. முகம் தெரியாதது பரவாயில்லை.

ஒரு துணைக் குறிப்பு. இதே படம் அமெரிக்கக் கண்டத்தில் எடுத்ததாக இருந்தால் சாலிட்டரி சாண்ட்பைப்பரையும் கழித்தாக வேண்டும். அதற்கும் அடி இறக்கை கருமை, கண் வளையமும் உண்டு. ஆனால் பிட்டம் நடுவில் கறுப்பு, வெள்ளை வாலின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். உங்கள் படத்தில் பிட்டம் முழு வெள்ளை.

சேற்றுத்தடம்

வால்பட்டை சொன்னதை ஏற்கிறேன். ஆக, குட்டையில் இரண்டு இனமும் இருந்திருக்கின்றன. உங்களுக்கு வந்த மூன்று கருத்துகளில் யாருமே கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை, ஆளுக்கொரு படத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

படம் 4-ல் தலை தண்ணீருக்குள் இருக்கிறது. தனியாகக் கொடுத்திருந்தால் அதற்கு டிரிங்கா என்பதற்கு மேல் பெயர் வைக்க மாட்டேன். ஒரே தொடர் எடுப்பில், இடையில் வேறு பறவை சட்டகத்துக்குள் வராமல் எடுத்தது என்பதால்தான் 2, 3-உடன் சேர்க்க முடிகிறது. தொடரில் விட்டுப்போன 2317, 2319, 2320 கோப்புகளையும் ஒருமுறை புரட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இழைமணி

இனிப் பதிவைப் பிரிக்க வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு பறவை என்பதுதான் விதி. கைபேசிச் செயலியை விட வலைத்தளத்தில் செய்வது சுலபம்.

1. பதிவின் பக்கத்தில் ‘எடிட்’ பொத்தானுக்கு அருகிலுள்ள அம்புக்குறியைத் திறந்து ‘டூப்ளிகேட்’ கொடுங்கள். புதிய நகலில் படம் 1-ஐ மட்டும் வைத்து மற்றவற்றை நீக்குங்கள்.
2. நகலுக்குப் பழைய பதிவின் நேரமே வந்து உட்கார்ந்திருக்கும். அதை 7:58 என்று கையால் திருத்துங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.
3. பழைய பதிவிலிருந்து படம் 1-ஐ எடுத்துவிட்டு, நேரம் 7:42 என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் அடையாளத்தை உட் என்று மாற்றுங்கள்.
4. கிரீன் என்று ஒப்புக்கொண்டவரைப் பெயர் குறிப்பிட்டுப் பழைய பதிவில் ஒரு வரி எழுதுங்கள்: “படம் 1 வேறு பறவை, தனிப் பதிவாகப் பிரித்துவிட்டேன், மீதிப் படங்களை மறுபடி பார்க்க முடியுமா?” புதிய பதிவின் இணைப்பையும் கொடுங்கள். அவர் பார்த்த ஆதாரத்தை நாம் எடுத்துவிட்டோம், சொல்லாமல் விட்டால் அவர் கருத்து காரணமில்லாமல் தவறாகத் தெரியும்.

பிரிப்பதுதான் சரி. பிரிக்காமல் வைத்தால் யாராவது தர மதிப்பீட்டில் ‘ஒரே உயிரியைப் பற்றிய ஆதாரம் இல்லை’ என்று குறிப்பார்கள், பதிவு ரிசர்ச் கிரேடுக்குத் தகுதியில்லாத ‘கேஷுவல்’ நிலைக்கு இறங்கிவிடும்.

கரைவெளி

பிரித்துவிட்டேன். இன்னொன்று: கூட வந்தவர் கைபேசியில் எடுத்த காணொளி வாட்ஸ்அப்பில் வந்தது. படம் 1-இன் பறவை எழும்பும்போது கூப்பிடும் ஒலி அதில் இருக்கிறது. அதைச் சோதனைக்காக ஒரு பதிவாகப் போட்டால் தேதி, இடம் எதுவும் வராமல் கேஷுவல் ஆகிறது. ஒலியைச் சேர்ப்பது எப்படி?

குரல்கோடு

வாட்ஸ்அப்பில் படமாகவோ காணொளியாகவோ வழக்கம்போல் அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து போய்விடும், ஒலியும் நசுங்கும். தேதியும் இடமும் இல்லாத பதிவு கேஷுவலாகத்தான் இருக்கும். திரைப்பிடிப்பில் வேறு தொல்லை: பறவையைப் பார்த்த நாளுக்குப் பதில் திரையைப் பிடித்த நாள் ஏறிவிடும்.

அது உங்கள் பதிவு அல்ல என்பதையும் கவனியுங்கள். எடுத்தவர் கணக்கில் அவரே போடுவதுதான் முறை. உங்கள் பதிவில் அதன் இணைப்பைக் குறிப்பிடுங்கள்.

அவரிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். மூலக் காணொளியிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து டபிள்யூஏவி கோப்பாகச் சேமிக்க வேண்டும். தளம் காணொளியை ஏற்காது, ஒலிக் கோப்பை ஏற்கும். கூவலை ஒட்டி வெட்டாமல் முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடி விட வேண்டும். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 3 டெசிபெலுக்கு வரும்படி ஏற்றினால் போதும். இரைச்சல் நீக்கி வேண்டாம், கூவலின் மெல்லிய பகுதிகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கேட்க வேண்டியது: கிரீன் எழும்பும்போது ‘ட்லூ-ஈட், வீட்-வீட்’ என்று கணீரென்று, ஏறி ஒலிக்கும். உட் ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று வறண்ட, ஒரே சுருதியில் வேகமான துண்டுகள். காமன் ‘ட்வீ-வீ-வீ’ என்று மெலிந்து இறங்கும். ஒலியைப் படமாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் இன்னும் துலக்கம்.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது சொல்லும் பெயரைக் காரணமாக எழுத வேண்டாம், கேட்டதை எழுதுங்கள். கூவலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்து எடுப்பதும் வேண்டாம். வலசையில் இறங்கி இரை தேடும் பறவைக்கு ஒவ்வொரு தடவை எழும்புவதும் செலவு.

கரைவெளி

நன்றி. பழைய பதிவில் இப்போது உட் மூன்று, கிரீன் ஒன்று, ரிசர்ச் கிரேடு வந்துவிட்டது. புதிய பதிவில் வால்பட்டையும் நானும் கிரீன். 2317, 2319, 2320 பார்த்தேன், ஒரே பறவைதான். ஒலியை நண்பர் மூலக் கோப்பிலிருந்து ஏற்றுகிறார்.

சேற்றுத்தடம்

நல்லது. இரண்டு பதிவுகளின் குறிப்புப் பகுதியிலும் நீங்கள் பார்த்த குறிகளை எழுதிவிடுங்கள்: உட்டில் புருவக் கோடு, முதுகுப் புள்ளி, மார்பு, கிரீனில் வெள்ளை வயிற்றை ஒட்டிய கறுப்பு அடி இறக்கை, வாலில் மூன்று பட்டை, விரல் நீளம். இரண்டிலும் “குட்டையில் இரண்டு இனமும் இருந்தன” என்று ஒரு வரி. பழைய பதிவில் கிரீன் என்று சொன்னவர் பதில் தராவிட்டால் மீண்டும் தட்ட வேண்டாம், நான்கில் மூன்று என்பதால் பதிவு அப்படியே நிற்கும்.

அடுத்த முறை தொடர் எடுப்பை, பறவை எழும்பி இறங்கும் வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்கும் படத்திலிருந்து பறக்கும் படம் வரை கோப்பு எண்கள் அறுபடாமல் இருந்தால் ஒரே பறவையின் முகமும் அடி இறக்கையும் கையில் இருக்கும். ஷட்டர் வேகம் 1/2000 அளவில் வைத்தால் பறக்கும்போது முகமும் கலங்காது.