வீட்டு நம்பர் ரோட்டுல இருந்து தெரியுதா? அமெரிக்காவுக்குப் புதுசா வந்த நம்ம நெல்லை ஆளுவளுக்கு

திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து வந்து இங்க வீடு பிடிச்சிருக்கவங்களுக்குச் சொல்லுதேன். பால் காய்ச்சியாச்சு, நெட் வந்தாச்சு, எல்லாம் சரி, இருட்டுன பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னு உங்க வீட்டு நம்பர் தெரியுதான்னு பாத்தியளா?

நம்ம ஊர்ல இத யாரும் யோசிக்கவே வேண்டாம். டவுன்ல வாகையடி முக்குல நிறுத்தி இன்னார் வீடு எதுன்னு கேட்டா டீக்கடையிலயே கைகாட்டி விட்டுருவாவ, 108 வந்தா தெருவே முன்னால ஓடி வழி காட்டும், கதவுல பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு கிடந்தாலும் அத ஒருத்தரும் பாக்கதில்ல. இங்க ராத்திரி ரெண்டு மணிக்கு தெருவுல ஈ காக்கா கிடையாது, வீடுவளும் எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். ஆம்புலன்ஸ், ஃபயர் வண்டியில வாரவங்களுக்கு அந்த வீட்டு நம்பர விட்டா வேற துணை இல்ல. இதயம் நின்னுபோனா நாலஞ்சு நிமிஷத்துலயே மூளை கெட ஆரம்பிச்சிரும், அதுல வீடு தேடவும் நேரம் போச்சுன்னா என்ன ஆவுறது?

இங்க பல ஊர்ல கடைப்பிடிக்கிற ஃபயர் கோடு, அதாவது தீப் பாதுகாப்பு விதிப்படி நம்பர் குறைஞ்சது 4 இஞ்ச் உயரம் இருக்கணும், எண்ணோட கோடு அரை இஞ்ச் தடிமன், பின்னால உள்ள கலருக்கு எடுப்பா, ரோட்டுல இருந்தே தெரியணும், எழுத்தால எழுதாம எண்ணாவே போடணும். வீடு உள்ள தள்ளி இருந்தா 4 பத்தாது, 6 இஞ்ச் போடுங்கன்னுதான் சொல்லுவேன். செங்கல் சுவர்ல பித்தளை நம்பர் பகல்ல லட்சணமா இருக்கும், ராத்திரி ஒண்ணுமே தெரியாது. வெளிச்சம் பட்டா மின்னுற நம்பரா ஹார்ட்வேர் கடையில வாங்கி ஒட்டுங்க, வாசல் லைட்டுக்குப் பக்கத்துல இருந்தா ரொம்ப நல்லது. தீவாளி சமயத்துல ஒரு வீட்டுல பாத்தேன், தூண்ல 2318னு நம்பர், அதுக்கு மேல கட்டுன பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் நடுவுல உள்ள 3யையும் 1யையும் மூடிட்டு, ரோட்டுல நின்னு பாத்தா 2ம் 8ம் மட்டும்தான். தோரணம் கட்டாம இருக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளிக் கட்டுங்க. முன்னால வளந்த செடியையும் வெட்டி விடுங்க. நடைபாதை ஓரக் கல்லுல பெயின்ட் அடிச்ச நம்பர மட்டும் நம்பாதீங்க, கார் நின்னாலோ பனி விழுந்தாலோ மறைஞ்சிரும்.

வீடு ரோட்டுல இருந்தே தெரியாத அளவுக்கு நீளமான டிரைவ்வேன்னா, அது ஆரம்பிக்கிற இடத்துல ஒரு கம்பு நட்டு ரெண்டு பக்கமும் நம்பர் போடணும், வண்டி எந்தத் திசையில வரும்னு நமக்குத் தெரியாதுல்லா. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, இதப் பலரும் விட்டுருதாவ. போன்ல வைஃபை காலிங் (வைஃபை வழியா கால் பேசுறது) போட்டிருந்தா அதுல எமர்ஜென்சி அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும், வீடு மாறுனா அதையும் மாத்தணும். இல்லன்னா இங்க அவசரத்துக்குக் கூப்பிடுற 911 அடிக்கும்போது பழைய வீட்டு விலாசம் போயிரலாம்.

இந்தப் பதிவுக்கு வந்த பதில்ல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாவ: "அண்ணாச்சி, நாங்க இருக்கது அபார்ட்மென்ட், அம்மா என் பிரசவத்துக்கு ஊர்ல இருந்து வந்திருக்காவ, இங்கிலீஷ் வராது. அவிய தனியா இருக்கப்ப ஏதாவதுன்னா?"

தங்கச்சி, போன்ல இருந்து போற லொகேஷன வச்சு எந்த மாடி எந்தக் கதவுன்னு சரியாக் கண்டுபிடிக்க முடியாது. அதனால பில்டிங் நம்பர், வீட்டு நம்பர், மாடி, கேட்டத் திறக்க அடிக்கிற நம்பர் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிருங்க: "செவன், ஃபோர், டூ, ஒன்"னு ஒவ்வொரு எண்ணா, தெருப் பேரும் வாயில வார மாதிரி. அம்மாவ ரெண்டு மூணு தடவ சத்தமா வாசிக்கச் சொல்லிப் பாருங்க. பல ஊர் 911ல மொழிபெயர்க்க ஆள லைன்ல சேத்துக்கிடுவாவ, முதல்ல "டமில்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போன மட்டும் வைக்கக் கூடாது. நீங்க வீட்டுல இருந்தா மாப்பிள்ளைய கீழ அனுப்பி கேட்டுல நிக்கச் சொல்லுங்க.

வேற நாட்டுல இருக்கவங்க 911ங்கிற அவசர நம்பர மட்டும் மாத்திக்கிடுங்க: பிரிட்டன் 999, ஆஸ்திரேலியா 000, சிங்கப்பூர்ல ஆம்புலன்ஸுக்கு 995.