கழன்ற குதிரை முகம்

மாருதப்புரவீகவல்லி கதையைப் புதிதாக மேடையேற்றியதை இங்கே வேறு யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்தது யாழ்ப்பாணத்தில், மாவிட்டபுரத்துக்குக் கிட்ட, ஒரு சனசமூக நிலைய முன்றலில், ஊர்ப் பெடியளும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த ஆற்றுகை.

கதை தெரியும்தானே. சோழ இளவரசி, குதிரை முகம், கீரிமலையில் தீர்த்தமாட முகம் மாறுகிறது, மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயில் எழுகிறது. வீடுகளில் சொல்லும்போது அதோடு சுபம். இவர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். கேணியால் எழும்பியவள் குதிரை முகமூடியைக் கழற்றினாள், ஆனால் எறியவில்லை. கடைசிவரை கக்கத்தில் இடுக்கியபடியே திரிந்தாள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தீர்த்தமாடின பிறகும் உந்த மூஞ்சையை ஏன் பிள்ளை காவிக்கொண்டு திரியிறாய்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். நடித்த பிள்ளை அசரவில்லை. "இதோடதானே அம்மம்மா இவ்வளவு காலமும் இருந்தனான்" என்று பாத்திரத்தில் நின்றபடியே பதில் சொன்னாள். சனம் கைதட்டியது.

பிறகு உக்கிரசிங்கன் வருகிறான். அவளைக் கவர்ந்துபோய் மணம் முடித்த அரசன் என்று யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் அதே ஆள். அவனுக்குச் சிங்க முகம் என்பது கதை. சரி, இன்னொரு முகமூடி வரப்போகிறது என்று பார்த்திருந்தேன். வெறும் முகத்தோடு வந்து நின்றான். எடுத்துரைஞர்கள் அவனுடைய சிங்க முகத்தைப் புகழ்ந்து பாடினார்கள்! ஆணுக்கு மிருக முகம் இருந்தால் வீரம், பெண்ணுக்கு இருந்தால் வியாதி. ஒரு வசனமும் இல்லாமல் இதைக் காட்டிய இடம்தான் முழு நாடகத்திலும் எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது முட்கம்பி. போரால் 1990இல் சனம் இடம்பெயர்ந்து, பிறகு நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த பகுதி மாவிட்டபுரம், கீரிமலைப் பக்கம். அந்த வலி கதைக்குள் வரத்தான் வேண்டும். அதற்காக அவளைச் சுற்றிக் கம்பி, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் உரப்பை என்று எல்லாவற்றையும் ஏற்றினால் பார்ப்பவனுக்கு யோசிக்க என்ன மிச்சம்? கக்கத்தில் இருந்த முகமூடியே போதும்.

முடிந்தபின் நடந்த கலந்துரையாடலில் நெறியாளர் தம்பியிடம் இதைச் சொன்னேன். "கம்பி வராட்டி இஞ்ச உள்ள சனம் தங்கட கதை எண்டு நினைக்காது அண்ணை" என்றார். எனக்கு அதில் ஒப்பில்லை. அந்த அம்மம்மா கம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, முகமூடியைத்தான் கேட்டார். விசாரித்தால், அவரும் 90இல் கீரிமலையில் இருந்து வெளிக்கிட்டவர்தானாம்.