எல்லா உடல்வாகுக்கும் சேலை பொருந்துமா? அனுபவப்பட்டவர்கள் கூறுங்கள்

கும்பகோணத்திலிருந்து, கல்லூரி ஆசிரியை ஒருவர்:

அனைவருக்கும் வணக்கம். தங்கையின் திருமணத்திற்குப் பட்டெடுக்கச் சென்ற இடத்தில், என் உயரத்தை எண்ணித் தயங்கி நின்ற என்னைப் பார்த்து விற்பனையாளர், “சேலைக்கு அளவு ஏதம்மா? யார் கட்டினாலும் எடுப்பாகத்தான் இருக்கும்” என்றார். என் உயரம் 4 அடி 10 அங்குலம். எடை 74 கிலோ. ஒரு சாணுக்கும் அதிகமான கரை வைத்த காஞ்சிபுரம் பட்டு ஒன்றைத் தோளில் சார்த்திக் காட்டினார். கடைக் கண்ணாடியில் இடுப்புக்கு மேல் மட்டுமே தெரிந்ததால் எனக்கும் பிடித்துவிட்டது.

திருமணப் படங்கள் வந்தபோதுதான் மனம் சுருங்கியது. முழங்காலிலிருந்து பாதம் வரை கரையே நிறைந்திருக்க, யாரோ என்னைக் குறுக்கே வெட்டி ஒட்டியது போல இருந்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு பாயைச் சுருட்டிக் கட்டியது போல வீங்கியிருந்தது. அதே படத்தில், ஏறக்குறைய என் உயரமும் என் பருமனும் உள்ள அம்மா, வெகுகாலமாக வைத்திருக்கும் ஒரு சுங்குடிச் சேலையில் மிகவும் இயல்பாக நிற்கிறார். சேலை எல்லோருக்கும் பொருந்தும் என்பது உண்மைதானா, அல்லது சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு நம் கண் பழகிவிட்டதா? அறிவுரையைக் காட்டிலும் உங்களுக்கு நேர்ந்தவற்றைக் கேட்கவே விரும்புகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து, தையற்கடை நடத்தும் உறுப்பினர்:

அன்புத் தோழி, 22 ஆண்டுகளாக ஜாக்கெட் தைத்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். சேலைக்கு அளவு கிடையாது என்று விற்பனையாளர் சொன்னது சரியன்று. அதற்கு ஒரே அளவுதான் உண்டு. அந்த ஒரே அளவைத்தான் எல்லோரும் கட்டிக்கொள்கிறோம்.

உங்கள் பட்டின் அகலம் பெரும்பாலும் 48 அங்குலம் இருக்கும். உங்கள் உயரத்தில் உள்ள ஒருவருக்கு இடுப்பிலிருந்து தரை வரை ஏறத்தாழ 36 அங்குலமே தேவைப்படும். மீதமுள்ள 12 அங்குலத்தையும் இடுப்பில் செருகித்தான் ஆகவேண்டும். அதுவும் சேலை இடுப்பை இரண்டு முறை சுற்றி வருவதால், ஜரிகையோடு கூடிய கனத்த பட்டு அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடுகிறது. படத்தில் நீங்கள் கண்ட பாய்ச்சுருள் உங்கள் சதையன்று, துணி. நீளத்திலும் இதே கதைதான். இடுப்புச் சுற்றளவு 38 அங்குலம் உள்ளவரையும் 52 அங்குலம் உள்ளவரையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சுற்றுக்குச் சேர்த்து 28 அங்குல வேறுபாடு வருகிறது. ஐந்து அங்குலக் கொசுவம் ஒன்று பத்து அங்குலத் துணியை விழுங்கும். ஆகவே ஒருவருக்கு ஏழு கொசுவம் வரும் அதே சேலையில் மற்றவருக்கு நான்கே வரும்; இல்லையென்றால் முந்தானை முழங்கைக்குக் கீழே இறங்காது. இதைத் தெரிந்து கட்டிக்கொண்டால் குறை ஒன்றும் தோன்றாது. தெரியாமல், அக்காவைப் போல ஏழு கொசுவம் வைத்தே தீருவேன் என்று இழுத்துப் பிடித்துக் கட்டினால், நடக்கும்போதே அவிழத் தொடங்கும்.

இருப்பினும், என் கடைக்கு வந்து “இந்தச் சேலை எனக்குப் பொருந்தவில்லை” என்று வருந்தியவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் பொருந்தாமல் போனது ஜாக்கெட்தான். குழந்தைப் பேற்றுக்குப் பிறகு ஒரு பெண், பேற்றுக்கு முன்பு தைத்த ஜாக்கெட்டை அளவுக்குக் கொண்டு வந்து, அதே போலத் தைத்துத் தரும்படி கேட்டார். டேப்பை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது, அளவெடுக்க விடவில்லை. நானும் வற்புறுத்தாமல், இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விட்டு, அவர் தந்த அளவுக்கே தைத்துக் கொடுத்தேன். நான்காம் நாள் திரும்பி வந்தார். கைக்குழி இறுகி, அக்குளுக்கு மேலே சதை பிதுங்கி, அதை மறைப்பதற்காக முந்தானையைப் போர்வை போலப் போர்த்தியிருந்தார். அங்கேயே தையலைப் பிரித்துவிட்டுக் கொடுத்தபின், அதே சேலையைக் கடைக் கண்ணாடியின் முன் மீண்டும் கட்டிப் பார்த்தவர், நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கை நீளத்தையும் கவனிக்க வேண்டும். மேற்கை பருமனாக உள்ளவர்களுக்கு, கை எங்கே மிகவும் பருத்திருக்கிறதோ அங்கேயே துணி முடிந்தால் கண் அங்குதான் போய் நிற்கும். இரண்டு அங்குலம் இறக்கி வைத்தால் போதும். மார்பு பெரியவர்களுக்குக் கிராஸ் கட், அதாவது துணியைச் சாய்வாக வைத்து வெட்டுவது, நன்றாக அமையும் என்பார்கள். ஆனால் மேல்துணியைக் கிராஸில் வெட்டிவிட்டு லைனிங்கை நேர்த்துணியில் வெட்டினால், கிராஸில் கிடைக்கும் நெகிழ்ச்சி முழுவதும் வீணாகிவிடும். எங்கள் தொழிலில் இருப்பவர்களே இந்தத் தவறைச் செய்துவிட்டு, பழியை வாடிக்கையாளரின் உடம்பின் மீது போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து, வங்கி ஊழியர்:

ஒல்லியாக இருந்துவிட்டால் எதுவும் பொருந்தும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 5 அடி 9 அங்குலம், 49 கிலோ. முதன்முதலாக அலுவலக விழாவுக்கு ஜார்ஜெட் சேலை கட்டிச் சென்றபோது, கொடியில் உலரப்போட்ட துணி நடந்து வருவதாக ஒருவர் வேடிக்கை செய்தார். ஜார்ஜெட்டும் ஷிஃபானும் உடம்போடு ஒட்டி விழுபவை. வளைவு இருந்தால் வளைவைக் காட்டும், எலும்பு இருந்தால் எலும்பைக் காட்டும். பின்னர் கோவையில் இருக்கும் என் பெரியம்மா, கஞ்சி போட்ட கோரா காட்டன் ஒன்றைக் கட்டிவிட்டார். அது உடம்பை விட்டுச் சற்றே விலகி நின்றதில், இல்லாத இடுப்பு இருப்பது போலத் தோன்றியது. தோழியின் பட்டின் கனம் அவருக்குச் சுமையானது போலவே, அதே கனம் எனக்கு உதவியிருக்கும்.

எனக்கு உள்ள தொல்லை வேறு. 44 அங்குல அகலத்தில் வரும் மலிவு விலைச் சேலைகளில், கணுக்கால் மறைய வேண்டுமென்றால் இடுப்பில் செருகுவதற்கு ஓரங்குலம்தான் மிஞ்சும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்திய ஒரு நாளில், கொசுவம் மொத்தமும் நழுவிக் கையோடு வந்துவிட்டது. அன்று முதல் மேல் ஓரத்தில் நான்கு அங்குலப் பருத்தித் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த பிறகே அத்தகைய சேலைகளைக் கட்டுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை:

நீங்கள் எல்லோரும் சேலை என்று சொல்லும்போது, முன்னால் கொசுவம் வைத்து இடது தோளில் முந்தானை போடும் ஒரே கட்டைத்தான் நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அது நம் பாட்டிகள் கட்டிய கட்டன்று. பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்து, 1860-களில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி வங்காளத்துக்குக் கொண்டுபோய்ச் சீர்திருத்திப் பரப்பியது போன்ற மாற்றங்களின் வழியாக வந்து, உள்பாவாடையும் ஜாக்கெட்டும் துணைக்கு வர, நாடெங்கும் நிலைபெற்ற கட்டு அது.

என் பாட்டி வயலில் நாற்று நட்டவர். கடைசி வரை பின்கொசுவம்தான் வைத்தார். எட்டுப் பிள்ளைகள் பெற்ற வயிறு அவருக்கு. ஆனால் முன்புறம் துணி மடிப்பில்லாமல் தட்டையாக இழுத்து நிற்க, கொசுவம் முழுவதும் பின்னால் விசிறியாக விரிந்ததில், அந்த வயிறு என் கண்ணில் பட்டதே இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் பின்புறம் நிறைவாகவும் முதுகு நிமிர்ந்தும் தெரியும். உள்பாவாடை இல்லாததால் நாடாவின் இறுக்கமும் இல்லை. ஒன்பது கஜம் கட்டிய பக்கத்து வீட்டு மாமிக்கு வேறு கதை: எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட துணியைக் கால்களுக்கிடையே வாங்கிக் கட்டிக்கொண்டு, கிணற்றில் தண்ணீர் இறைப்பார், அந்த வயதில் அவருடைய பருமன் அவருக்கோ எங்களுக்கோ ஒரு பேச்சாகவே இருந்ததில்லை.

இப்படிச் சொல்வதால் பின்கொசுவம் எல்லோருக்கும் பொருந்திவிடும் என்று பொருளன்று. கூன் விழுந்த என் பெரியத்தைக்கு, பின்னால் தொங்கிய கொசுவத்தின் கனம் இடுப்பைக் கீழே இழுத்துக்கொண்டேயிருந்தது. அவர்தான் எங்கள் வீட்டில் முதலில் முன்கொசுவத்துக்கு மாறியவர். எங்கள் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நகரத்துப் பெண்கள் அதை விரும்பி வாங்குவதைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது; கட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

சேலத்திலிருந்து, ஆண் உறுப்பினர்:

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். வேட்டிக்கும் இதே புகழ்ச்சி உண்டு. தொந்திக்கு மேலே கட்டினால் முன்பக்கம் ஏறிக் கணுக்கால் தெரிகிறது. தொந்திக்குக் கீழே கட்டினால் முன்பக்கம் தரையைப் பெருக்குகிறது. எட்டு முழத்தில் எடுப்பாகத் தோன்றும் என் ஒல்லித் தம்பிக்கோ பிடிமானமில்லாமல் பந்திக்குப் பந்தி நழுவுகிறது. இருவரும் பெல்ட் போட்டுக்கொண்டுதான் திருமணங்களுக்குச் செல்கிறோம்.

நியூ ஜெர்சியிலிருந்து, மென்பொருள் பணியாளர்:

இங்கே இதே பெருமையைப் பெற்ற ஓர் உடை ‘ராப் டிரெஸ்’ (wrap dress). 1974-இல் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் அறிமுகப்படுத்தியது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இடுப்பில் முடிச்சிடுவது. எந்த உடம்புக்கும் பொருந்தும் என்று அலுவலகத் தோழிகள் சொல்லி, நானும் ஒன்று வாங்கினேன். இடுப்பில் முடிச்சு என் விருப்பப்படி நின்றது. வயிற்றை உறுத்தவும் இல்லை. ஆனால் மார்பு பெரிதாக இருந்ததால் கழுத்துப் பகுதி ஓயாமல் விலகி, கூட்டம் முடியும் வரை ஊக்கு குத்திக்கொண்டு ஒரு கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல் அக்கா எழுதியதைப் படித்ததும் இப்போதுதான் விளங்குகிறது: என் கையால் கட்டிய இடம் எனக்கு இசைந்தது, தொழிற்சாலை தைத்து அனுப்பிய இடம் இசையவில்லை.

மதுரையிலிருந்து, பெயர் கூற விரும்பாத உறுப்பினர்:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பை அகற்றினார்கள். அறுவைக்குப் பிறகு உறவினர்கள் எல்லோரும், “நல்லவேளை, நமக்குச் சேலை இருக்கிறது, முந்தானை எல்லாவற்றையும் மறைத்துவிடும்” என்று தேற்றினார்கள். அது அப்படியில்லை. நம் வழக்கமான கட்டில் துணி வலது இடுப்பிலிருந்து குறுக்காக ஏறி இடது தோளுக்குப் போகிறது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மறையும், இடப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு மறையாது. கோயிலில் வரிசையில் நிற்கும்போது இடப்பக்கம் யாரும் நிற்காதபடி, அம்மா சுவரோரமாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது.

குஜராத்திப் பெண்கள் கட்டுவது போல, முந்தானையைப் பின்னாலிருந்து வலது தோள் வழியாகக் கொண்டு வந்து முன்னால் விரித்துவிடும் கட்டை ஒரு தோழியிடம் கற்று, அம்மாவுக்குக் கட்டிவிட்டேன். முன்புறம் ஒரு திரை போல முழுவதும் மூடியது. முதலில் “இது நம் வழக்கமில்லையே” என்று மறுத்தவர், பிறகு அந்தக் கட்டிலேயே என் மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிணநீர் தேங்கி அவருடைய இடது கை வீங்கியிருந்தது. இடுக்கமான கை கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தும், தைத்தவர் வழக்கம் போல ஒரு கையை மட்டும் அளந்து இரண்டையும் ஒன்றாகவே தைத்துவிட்டார். இரண்டாவது முறை இரு கைகளையும் தனித்தனியே அளக்கச் சொல்லி, இடது கையை ஓரங்குலத்துக்கு மேல் தளர்த்தித் தைத்தோம். உள்பாவாடை நாடாவுக்குப் பதிலாக அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்தோம். நாடா ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகி அழுத்தியதால் உண்டான புண், அரிதாகப் புற்றாகவே மாறியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன என்று படித்திருந்தேன். இடுப்பில் கறுத்த தழும்பு உள்ள சகோதரிகள் தயவுசெய்து நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள்.

கும்பகோணத்திலிருந்து, கல்லூரி ஆசிரியை (மீண்டும்):

உங்கள் அனைவருக்கும் நன்றி. மதுரைத் தோழியின் பதிவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் உங்கள் அம்மாவின் நலம் கேட்டதாக எழுதச் சொன்னார்.

பட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வெட்ட மனம் வரவில்லை. மேல் ஓரத்தில் மிகுதியாக உள்ள அகலத்தை நீளவாக்கில் உட்புறமாக மடித்து, இஸ்திரி போட்டுப் படிய வைத்து, கொசுவத்தையும் முன்கூட்டியே மடித்து ஊக்கு குத்தி வைத்துக் கட்டினேன். பாய்ச்சுருள் பெரும்பாலும் போய்விட்டது. கரை மட்டும் அதே கரைதான். அதற்கு மருந்தில்லை என்று ஏற்றுக்கொண்டேன்.

பிறகு, திண்டுக்கல் தோழி சொன்ன கணக்கு மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததால், அம்மாவின் சுங்குடியை எடுத்துத் தரையில் விரித்து அளந்து பார்த்தேன். அகலம் 44 அங்குலம். கரை இரண்டு விரற்கடை. சென்ற வாரம் வேறொரு கடைக்குச் சென்றபோது கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொரு சேலையின் அகலத்தையும் அளந்தேன். விற்பனையாளர் சற்று நேரம் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, “அம்மா, ஜமுக்காளம் கீழ்த்தளத்தில் இருக்கிறது” என்றார்.