பார்பர்ட்டன் பாறைக்கும் நமீபியா ஃபாசிலுக்கும் நடுவுல உசுரு என்ன பண்ணிச்சு?

சாட்ஸ்வர்த் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் லீவுல இங்க தென்னாப்பிரிக்கால டர்பன்ல இருந்து விடியக்காலம் கிளம்பி பார்பர்ட்டன் போனோம், மகனும் ஆயாவும் கூட, அங்க எஸ்வாத்தினி பார்டர் வரைக்கும் போற மலை ரோட்டுல அங்கங்க வண்டிய நிறுத்திப் பாறையப் பாக்க போர்டு வச்சிருக்காங்க. ஒரு மணல்கல்லுல மெல்லிசா அலையலையா கறுப்புக் கோடு, அது 320 கோடி வருஷத்துக்கு முந்தின நுண்ணுயிரோட தடம்னு தெரிஞ்சதும் ஆயா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. மகன் பத்தாம் கிரேட். கண்ணுக்குத் தெரியற அளவு பெரிய உடம்பு வந்ததே 57 கோடி வருஷம் வாக்குலதான்னு படிச்சிருக்கான், அப்ப நடுவுல 260 கோடி வருஷம் என்னம்மா ஆச்சுன்னு கேட்டான், எனக்கு பதில் சொல்லத் தெரியல. அந்த முதல் பெரிய உசுரோட ஃபாசில் நம்ம பக்கம் எங்கயாவது இருக்கா?

ஃபீனிக்ஸ் வாத்தியார்:
தங்கச்சி, பையன் சரியான கேள்விதான் கேட்டிருக்கான். உசுரு சும்மா இருக்கல, ரொம்ப சின்னதா இருந்துச்சு, அவ்வளவுதான். சுமார் 240 கோடி வருஷம் முன்னாலதான் காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சது, அதுவும் கொஞ்சமா. உட்கரு உள்ள செல் அதுக்கப்புறம் வந்தது. பெரிய உடம்புக்கு ஆக்சிஜன் நெறைய வேணும், கடல்ல அது ஏற ரொம்ப காலம் ஆச்சுங்கறதுதான் முக்கியமான காரணமா சொல்றாங்க, ஆனா அது ஒண்ணே போதுமான்னு இன்னும் வாதம் நடக்குது. கனடால நியூஃபவுண்ட்லாந்துல மிஸ்டேக்கன் பாயிண்ட்னு ஒரு கடற்கரைப் பாறை, அங்க 57 கோடி வருஷம் முன்னால எரிமலைச் சாம்பல் விழுந்து கடலடியில இருந்த எல்லாத்தையும் இருந்த எடத்துலயே மூடிடுச்சு, பெரணி இலை மாதிரி உருவங்க. ஆனா செடி இல்ல, வெளிச்சமே போகாத ஆழம் அது.

பக்கத்துல இருக்கான்னு கேட்டீங்களே, இருக்கு! நமீபியாவோட தெக்குப் பகுதியில, ஆஸ் ஊர்ப் பக்கம். அங்க உள்ள பாறை அடுக்குக்கு நாமான்னு பேரு, அது ஆரஞ்சு ஆத்தைத் தாண்டி நம்ம நார்தர்ன் கேப் வரைக்கும் வருது. 1908லயே ஜெர்மன் ஜியாலஜிஸ்ட்டுங்க அங்க ஃபாசில் எடுத்துட்டாங்க, ஆஸ்திரேலியால எடியகாரா மலையில ரெஜ் ஸ்ப்ரிக் கண்டது 1946ல. ஆனா அந்தக் காலகட்டத்துக்கு எடியகாரன்னு பேர் வச்சாங்க, நாமா பேர் வரல. எனக்கு அதுல இன்னைக்கும் மனவருத்தம் உண்டு.

நார்தர்ன் கேப் டிரைவர்:
அக்கா, நான் வேலை விஷயமா அந்தப் பக்கம் பக்கியில, அதான் பிக்கப் வண்டியில, போய்ட்டு இருந்தவன், ஒரு ஃபார்ம்காரர் கூட்டிட்டுப் போய் காட்டினாரு. ரேஞ்சியா, டெரிடினியம், எர்னியெட்டான்னு பேரு. எர்னியெட்டா ஒரு சின்னப் பை மாதிரி, பாதி உடம்பு மணலுக்குள்ள பொதைஞ்சு மேல வாயத் தொறந்து நின்னிருக்கும்போல. எலும்பு கெடையாது ஓடு கெடையாது, வெறும் மெத்து உடம்பு, அது எப்படி 55 கோடி வருஷம் கல்லுல நின்னுச்சுன்னு கேட்டேன். அப்ப கடல் தரை முழுக்க நுண்ணுயிரு பாய் விரிச்ச மாதிரி படர்ந்திருக்கும், புயல்ல மணல் வந்து மூடினா அந்தப் பாயே மணலைப் பிடிச்சு இறுக்கி அச்சு எடுத்துடும், நோண்டித் திங்கற புழு அப்ப அவ்வளவா இல்லன்னு சொன்னாரு. நீங்க பார்பர்ட்டன்ல பாத்த கறுப்புக் கோடும் அதே மாதிரி பாய்தான் அக்கா, அதச் சொல்லத்தான் இவ்வளவும் டைப் பண்றேன். ஓடு உள்ள முதல் பிராணிகள்ல ஒண்ணான கிளவுடினாவும் நாமாலதான் கெடச்சது, 1972ல பேர் வச்சாங்க.

ஒண்ணு மட்டும், ஒரு துண்டு கூட எடுக்காதீங்க, குத்தம்.

டோங்காட் தம்பி:
இந்தியாலயும் பீம்பேட்கா குகையில டிக்கின்சோனியாங்கற எடியகாரன் காலத்து ஃபாசில் கெடச்சதுன்னு மாமா ஃபார்வர்ட் பண்ணாரு, அதான் ரொம்பப் பழசாமே?

ஃபீனிக்ஸ் வாத்தியார்:
தம்பி, அது 2021ல வந்த சேதி. அப்புறம் வேற ஆளுங்க போய்ப் பாத்தா அந்த அச்சு பேந்து உதிருது, பாறையே இல்ல, பழைய தேன்கூடு! முதல்ல எழுதினவரும் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு, அதுக்கு அவர மெச்சணும். ஆனா மாமாகிட்ட இதச் சொல்லு, சித்ரகூடத்துல சிவப்புப் பாசி மாதிரி ஃபாசில் 160 கோடி வருஷம் பழசுன்னு 2017ல எழுதியிருக்காங்க. நிஜ டிக்கின்சோனியாவ ரஷ்யால வெள்ளைக் கடல் பக்கம் எடுத்து அதுல கொலஸ்ட்ரால் மிச்சம் கண்டாங்க, 2018ல, அதனாலதான் அது பிராணிதான்னு உறுதியாச்சு.

சாட்ஸ்வர்த் அம்மா:
மகன் எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டான், அந்தப் பாய் விஷயத்த ஆயாவுக்கும் படிச்சுக் காட்டினான். ரெண்டு நாள் டிரைவ்னாலும் போயே ஆகணும்ங்கறாங்க ரெண்டு பேரும். எப்ப போகலாம்?

நார்தர்ன் கேப் டிரைவர்:
குளிர்காலத்துல போங்கக்கா, வெயில் தாங்கலாம். ஃபார்ம்காரர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கோங்க. உச்சிவெயில்ல போனா வெறும் கல்லுதான் தெரியும், காலையில சீக்கிரம் இல்லாட்டி சாயங்காலம், வெளிச்சம் சாஞ்சு விழுந்தாத்தான் கோடு எழும்பி நிக்கும்.