சஸ்பென்ஷனுக்கு 'வில்தாங்கி', பின்பக்கம் அமுங்குவதற்குக் 'குந்தல்'

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேல் தாங்கிக் குலுக்கலைக் குறைக்கும் சஸ்பென்ஷனுக்கு நாம் தமிழ்ச் சொல் தேடிவருகிறோம். அதற்கு நம் குழுவில் ஐயா ஒருவர் தந்த 'தொங்கல் அமைப்பு' பற்றி. கணினி மொழிபெயர்ப்பு போடும் 'இடைநீக்கம்' வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஐரோப்பாவில் குதிரை வண்டியின் உடலைத் தோல்வாரில் தொங்கவிட்ட காலத்துப் பெயர் அது. இப்போது வண்டியின் பாரத்தை வில்தான் தாங்குகிறது.

போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்காக எங்கள் வீட்டு ஃபோர் வீல் ஜீப்பில் ஜெனரேட்டர் ட்ரெய்லரைக் கோத்துக்கொண்டு போனோம். காரிமங்கலம் தாண்டும்போதே ஸ்டியரிங் லேசாகிவிட்டது. தொப்பூர் கணவாயை இரண்டாம் கியரிலேயே இறங்கினேன், கை வியர்த்துப்போய்.

திரும்பி வந்ததும் பட்டறையில் டேப் வைத்து அளந்தார்கள். ட்ரெய்லரை மாட்டியதும் பின் மட்கார்டு 7 செ.மீ. இறங்கியது, முன்பக்கம் 2 செ.மீ. ஏறியது. "பின்னாடி குந்துதுணா, பட்டா உட்கார்ந்துடுச்சு" என்றார் மெக்கானிக். பட்டா என்றால் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு, லீஃப் ஸ்பிரிங்.

குந்துது! பாரத்தில் பின்பக்கம் அமுங்குவதற்கு நாம் 'பின்தாழ்வு', 'பளுச்சரிவு' என்று தேடிக்கொண்டிருந்தது இதைத்தானே. குந்தல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அது ஏன் நடக்கிறது என்றால், 1,000 கிலோ ட்ரெய்லர் கொக்கியில் சுமார் 100 கிலோ அழுத்தும். கொக்கியோ பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அச்சுகளுக்கு நடுவே 2.7 மீட்டர், கொக்கி 1.2 மீட்டர் பின்னால் என்றால், பின் அச்சில் கூடுவது 144 கிலோ. மிச்ச 44 கிலோ முன் அச்சிலிருந்து வருகிறது. ஏற்றப்பலகை மாதிரிதான். முன் டயரின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பட்டாவைக் கழற்றி வளைவு ஏற்றி, கூடுதலாக ஒரு பட்டாவும் கனமான ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) போட்டோம். சுருள்வில் உள்ள வண்டியென்றால் கனமான சுருள் போடலாம், அல்லது சுருளுக்குள் காற்றுப் பை வைக்கலாம். வெறும் வண்டியில் இப்போது பின்சீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தூக்கிப்போடுகிறது. ஒன்று முக்கியம்: எத்தனை பட்டா சேர்த்தாலும் வண்டிக்கு அனுமதித்த எடை கூடிவிடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். மாட்டு வண்டிக்கு வில் வைத்தபோது நம் முன்னோர் அதை வில்வண்டி என்றார்கள். பள்ளிப் பாடத்தில் சுருள்வில் இருக்கிறது. பட்டாவுக்குப் பட்டைவில், காற்றுப் பைக்குக் காற்றுவில், மொத்த அமைப்புக்கு வில்தாங்கி. புணர்ச்சிப்படி 'விற்றாங்கி' என்று எழுத வேண்டும் என்பார்கள். அப்படி எழுதினால் எதையோ விற்ற கதையாகிவிடும், புணர்த்தாமல் வில்தாங்கி என்றே எழுதுவோம்.

ஷாக்குக்கு 'அதிர்வுதாங்கி' வேண்டாம். பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது வில். அதன்பின் வில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. இயற்பியலில் தடையுறு அலைவு என்று படித்தோமே, அதுதான். அதனால் 'அலைவுத் தணிப்பி' என்கிறேன்.

பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். வில்தாங்கியை உடனே பிடித்துக்கொண்டார்கள். அலைவுத் தணிப்பி நாக்கில் நிற்கவில்லை. இன்னும் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.