ஆல்ட்-டேப் அடித்தால் எல்லா ஷீட்டும் ஒரே வெள்ளைக் கட்டம், எது எந்த ஊர்?

பாம்பன்_கணக்கு
லினக்ஸ் மின்ட், சினமன் டெஸ்க்டாப், திரை 1366×768. சங்கக் கணக்குக்காக லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் (எக்செல் போன்றது) ஏழெட்டு ஃபைல் திறந்தே கிடக்கும்: "விசைப்படகு டீசல் மானியம் - பாம்பன்", அதே பெயரில் மண்டபம், தொண்டி, ராமேஸ்வரம். விண்டோ மாற்ற ஆல்ட்-டேப் அடித்தால் வரும் குட்டிப் படத்தில் (தம்ப்நெயில்) எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. பேனலிலும் "விசைப்படகு டீசல் மா…" என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. ஒரு ஊர் லிட்டர் இன்னொரு ஊர் ஷீட்டில் ஏறிவிடக் கூடாது. தம்ப்நெயிலைப் பெரிசாக்க வழி உண்டா?

கீழக்கரை_காக்கா
பெரிசாக்கிப் பயனில்லை தம்பி. 1366 பிக்சல் அகல விண்டோவை 256 பிக்சல் தம்ப்நெயிலாகச் சுருக்கினால் 16 பிக்சல் எழுத்து 3 பிக்சல் ஆகிவிடும். அதில் தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும்தான் முதலில் போகும். படத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் 6 பிக்சல்தான். வாசிக்கவும் முடியாது, வரிசையில் பாதி விண்டோதான் அடங்கும்.

சிஸ்டம் செட்டிங்ஸ் > விண்டோஸ் > ஆல்ட்-டேப் போய், ஸ்விட்சர் ஸ்டைலை "ஐகான்ஸ் அண்ட் விண்டோ ப்ரிவ்யூ" என்று மாற்றுங்கள். வரிசையில் ஐகான் மட்டும் இருக்கும். தேர்வாகும் விண்டோ அதன் நிஜ அளவிலேயே பின்னால் தெரியும். ஊர்ப் பெயரை வாசித்துப் பார்த்துவிட்டு ஆல்ட்டை விடலாம். அதே பட்டியலில் உள்ள கவர்ஃப்ளோ, டைம்லைன் ஸ்டைல் இரண்டும் உங்கள் வேலைக்கு ஆகாது. விண்டோவைச் சாய்த்துக் காட்டும், எழுத்து இன்னும் நசுங்கும்.

தொண்டிக்_கரை
காக்கா சொன்னதோடு ஃபைல் பெயரையும் திருப்பிப் போடுங்கள். வெட்டு எப்போதும் வாலில்தான் விழும். உங்கள் ஊர்ப் பெயர் அங்கேதான் இருக்கிறது. "பாம்பன் - டீசல் மானியம்" என்று வைத்தால் எங்கே வெட்டினாலும் ஊர் தப்பிக்கும்.

சுருங்கினாலும் அழியாதது நிறம். ஒவ்வொரு ஷீட்டிலும் மேல் நான்கைந்து வரிசைக்கு ஊருக்கொரு நிறம் அடியுங்கள். சுமார் 100 பிக்சல் உயரம் வந்தால் தம்ப்நெயிலில் 19 பிக்சல் பட்டையாக நிற்கும், கண்ணில் படாமல் போகாது. அடுத்த வரிசையில் கர்சரை வைத்து வியூ > ஃப்ரீஸ் ரோஸ் அண்ட் காலம்ஸ் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கீழே உருட்டியதும் பட்டை மேலே போய் மறைந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் ஒரே அழுத்தத்தில் வைக்காதீர்கள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி என்று வையுங்கள்.

பாம்பன்_கணக்கு
ப்ரிவ்யூ அருமை காக்கா, இதைத்தான் தேடினேன். இன்னொரு மெஷினில் தம்ப்நெயில் எழுத்து மங்காமல் துண்டு துண்டாகத் தெரிகிறது. மானிட்டர் கோளாறா?

கீழக்கரை_காக்கா
மானிட்டர் இல்லை, சுருக்கும் முறை. பைலினியர் முறை ஒரு புள்ளிக்குப் பக்கத்து 4 பிக்சலை மட்டும் பார்க்கும். ஐந்தில் ஒன்றாகச் சுருக்கும்போது நடுவில் இருப்பதெல்லாம் விட்டுப்போகும். ஷீட்டின் மெல்லிய கோடு சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. மிப்மேப் என்ற முறை இருந்தால் படிப்படியாகப் பாதிப் பாதியாகச் சராசரி எடுக்கும், உடையாமல் மங்கும். இரண்டிலும் வாசிக்க முடியாது. அந்த மெஷினிலும் ப்ரிவ்யூவையே வையுங்கள்.