அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பாம்பு கடித்து ஆசுபத்திரியில் இருந்த அப்பா நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டார். படலையடியிலேயே ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி, என் தோளைப் பிடித்தபடி முற்றம் வரைக்கும் நடந்தார். திண்ணையில் குந்தியதும் முதலில் கேட்டது, "மாட்டுக்குத் தண்ணி வைச்சதே?" அதைக் கேட்டதும் அம்மா குசினிக்குள் போய் அழுதா. 11 நாள் அடக்கி வைத்திருந்த அழுகை.

இத்தனை நாளும் உங்களில் பலர் எடுத்த அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. குறை நினைக்க வேண்டாம். சரி, எல்லாவற்றையும் ஒருமிக்க எழுதிவிடுகிறேன்.

காலபோக வெட்டு முடிந்து, மெசின் போட்டுவிட்டுப் போன வைக்கோலை மாட்டுக்குச் சேர்க்க அப்பா வயலுக்குப் போயிருக்கிறார். மைம்மல் நேரம். வெறுங்கால்தான், அது உங்களுக்குத் தெரிந்ததே. வைக்கோலை அள்ளும்போது கணுக்காலுக்கு மேலே சுரீர் என்றிருக்கிறது. முள்ளு என்று நினைத்து இன்னும் இரண்டு அணைப்பு வைக்கோல் கட்டியிருக்கிறார்! பக்கத்து வரம்பில் நின்ற எங்கள் கிழக்கு வீட்டுப் பெடியன் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முதுகில் சங்கிலி கோர்த்தது போல வட்டம் வட்டமாக அடையாளம். முத்திரைப் புடையன், கண்ணாடி விரியன் என்றும் சொல்வோமே, அதுதான்.

அந்தப் பெடியனுக்கு 18 வயது. அடுத்த அரை மணித்தியாலத்தில் அவன் செய்தவைதான் என் அப்பாவை எனக்குத் திருப்பித் தந்தன என்று நான் நம்புகிறேன். கூடியவர்கள் கயிறு கொண்டுவந்தார்கள், இறுக்கிக் கட்ட விடவில்லை. பிளேட்டால் கீறி இரத்தம் எடுப்போம் என்றார்கள், அதற்கும் விடவில்லை. முதலில் விசகடிக்கு நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் காட்டுவோம் என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் பரம்பரை மேல் எனக்கும் மரியாதை உண்டு. வேறு வழியே இல்லாத காலத்தில் அவர்கள்தான் எங்களுக்குத் துணையாக நின்றவர்கள். ஆனால் புடையன் கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகத்தையும் தாக்கும், நேரம் போகக்கூடாது என்று அவன் பள்ளிக்கூடத்தில் கேட்டது நினைவில் இருந்திருக்கிறது. காலில் கட்டியிருந்த நேர்த்திக் கயிற்றை, வீங்க முதல் அறுத்துவிட்டான். இரண்டு தென்னை மட்டையைக் காலின் இரு பக்கமும் வைத்து, தன் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, காலை அசையவிடாமல் செய்தான். அப்பாவை ஓர் அடி கூட நடக்க விடவில்லை. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் வைக்கோல் மேல் கிடத்திச் சந்திக்குக் கொண்டுபோக, 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் அங்கே வந்து நின்றது.

2018இல் வடக்குக்கு அந்தச் சேவை வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சதம் வாங்காமல் வந்து ஏற்றிப் போகிறார்கள் என்பதன் பெறுமதி இப்போது தெரிகிறது.

அம்புலன்சுக்குள் அப்பா கேட்டதைத் தங்கச்சி சொன்னபோது என்னால் போனைப் பிடித்திருக்க முடியவில்லை. "தம்பி, அங்க மருந்து இருக்குமோ?"

வேறு யாருக்கும் அது சாதாரணக் கேள்வி. 2009 மாசியில், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆசுபத்திரி நடந்ததே, அங்கே அப்பம்மாவைத் தோளில் சுமந்துகொண்டு போனவர் அவர். அங்கு நின்ற வைத்தியர்களும் தாதியரும் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். கையில் மருந்துதான் இல்லை. அப்பம்மாவை அந்த மணலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அதைப்பற்றி அப்பா இத்தனை வருடத்தில் வாயே திறந்ததில்லை.

"இருக்கு ஐயா, பயப்படாதேங்கோ" என்றிருக்கிறார் அம்புலன்ஸ் தம்பி. இருந்தது.

ஆசுபத்திரியில் முதலில் ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். பிறகு சரித்துப் பார்க்க, உறையாமல் தண்ணீர் போல ஓடியதாம். உடனே விசமுறி மருந்து, 10 குப்பி. அது தூளாக வருகிறது. குலுக்கினால் நுரைக்கும் என்று, இரண்டு நேர்ஸ்மார் ஒவ்வொரு குப்பியாக உள்ளங்கையில் மெல்ல மெல்ல உருட்டிக் கரைத்ததைத் தங்கச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்து ஏறும்போது அப்பாவுக்குக் குலைப்பன் எடுத்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கொஞ்சம் நிறுத்தி, அதற்கு ஊசி போட்டு, திரும்பவும் ஏற்றினார்கள். கண் இமைகள் விழுந்துவிட்டன. ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை, 30 வயது கூட இராது, மணித்தியாலத்துக்கு ஒருதரம் வந்து, "ஐயா, கண்ணைத் திறவுங்கோ, மேல பாருங்கோ" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தா. அந்த இரவு அவ கதிரையில் இருக்கவே இல்லையாம்.

நான் போய் இறங்கியது மூன்றாம் நாள். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில், மிகக் கொஞ்சமாகத்தான் போனது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வரலாம் என்றார்கள். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தங்கச்சி சிறுநீரின் அளவை மில்லிலீட்டரில் எழுதி வைத்திருந்தாள்: 150, 200, 180. ஆறாம் நாள் 900 என்று எழுதிவிட்டு அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஊர்ப் பெடியள். விளையாட்டுக் கழகப் பிள்ளைகள் ஒன்பது பேர், இரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கவென்று முதல் இரவு முழுக்க வெளி வாங்கிலில் இருந்தார்கள். தேவைப்படவில்லை. அப்படியும் விடியும் வரை ஒருவரும் எழும்பவில்லை. மேற்கு வீட்டு மாமி 11 நாளும் எங்கள் மாட்டைப் பார்த்தா. அம்மாவுக்குச் சோறு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை, அத்தனை வீடுகள்.

அப்பாவின் வைத்தியத்துக்கென்று நீங்கள் சேர்த்த காசு எங்கள் ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணையிடம் அப்படியே இருக்கிறது. கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று ஒரே இரவில் சேர்ந்த காசு அது. அம்புலன்சும் இலவசம், ஆசுபத்திரியும் இலவசம். ஓட்டோவுக்கும் இளநீருக்கும் என் கையில் இருந்ததே போதும். சங்கம் சம்மதித்தால், வயலுக்குப் போகிற வீடுகளுக்கு முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்சும், நல்ல டோர்ச் லைட்டும் வாங்கிக் கொடுப்போம். சேற்று வேலைக்குப் பூட்ஸ் சரிவராது என்று அப்பா சொல்கிறார், உண்மைதான். ஆனால் வெட்டு முடிந்த காய்ந்த வயலில் வைக்கோல் அள்ளப் போடலாம்தானே? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கிழக்கு வீட்டுப் பெடியனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். "மாமா எழும்பி வந்தது காணும் அண்ணை" என்றுவிட்டான்.

புடையனை அடிக்கத் தடி எடுத்தவர்களை அன்று அப்பாவே தடுத்திருக்கிறார். அம்மா புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. வைகாசியில் பொங்கல். அந்த நேரம் ஊரில் நிற்கிறவர்கள் கட்டாயம் எங்களோடு வரவேண்டும் என்று எழுதச் சொல்லி, அப்பா இப்போது பக்கத்தில் இருந்து சொல்கிறார்.